வலது கை வெயில்

ரானுயி, ஆக்லாந்து
14-7-2024

அன்புள்ள சிந்துவுக்கும், இந்தக் கடிதத்தை அவளுக்கு முன்னால் பிரித்துப் படிக்கப் போகிற விடுதிக் காப்பாளர் மேடத்துக்கும்,

வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். இங்கே ஆனி, ஆடிதான் குளிர்காலம். மழை மேலேயிருந்து பெய்வதில்லை, பக்கவாட்டில் பெய்கிறது. குடை வாங்கியவன் ஏமாளி. உனக்கு உடம்பு எப்படி? சாம்பாரில் இன்னமும் உப்பு இல்லையா? (மேடம், அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.)

செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பிளஸ் டூ படிக்க வைக்கிற பள்ளிக்கூடத்தில் அப்பா உன்னைச் சேர்த்ததால், இந்தக் காலத்திலும் தபால்தலை வாங்க அலைகிற தமிழன் ஆக்லாந்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன். டேட்டா சயின்ஸ் மாஸ்டர்ஸ் முடித்து ஏழு மாதம் கழித்து வேலை கிடைத்துவிட்டது. அப்பாவுக்குப் போன் செய்தேன். பழனி டிரிப் முடித்து அப்போதுதான் பஸ்ஸை நிறுத்தியிருந்தாராம். "வேலை கிடைச்சிருச்சுங்கப்பா" என்றேன். "போதும் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.

காலையில் நாலு மணிக்கே எழுந்திருக்க வேண்டும். யூனிஃபார்ம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரம்மா புஷ்பவதி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷி. அவரே இஸ்திரி போட்டுத் தருகிறார். மற்ற விவரம் பிறகு எழுதுகிறேன். நன்றாகப் படி.

உன் அண்ணன்,
வெற்றி


நாமக்கல்
18-8-2024

என் அண்ணாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உப்பு வந்துவிட்டது, இப்போது புளியைக் காணோம். உனக்குக் குளிருக்குப் போட்டுக்கொள்ள ஸ்வெட்டர் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

சுதந்திர தினத்துக்கு மூன்று நாள் வீட்டுக்குப் போனேன். தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரே நீ நிற்கிறாய், பன்னிரண்டு அடி உயரத்தில். உன்னை அனுப்பி வைத்த நீலவானம் வெளிநாட்டுக் கல்வி மையம் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறது. "எங்கள் மாணவர் திரு. வெற்றி நல்லசாமி, சாஃப்ட்வேர் இன்ஜினியர், ஆக்லாந்து. அடுத்தது நீங்கள்தான்!" கோட்டு நீ போட்டதில்லை, அவர்களே வரைந்து மாட்டியிருக்கிறார்கள். பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அப்பா போய்ச் சொல்லியிருக்கிறார், மீதியை அவர்கள் எழுதிக்கொண்டார்கள். பழனி பஸ் நிற்கிற இடம் சரியாக அதன் கீழே. அப்பா தினமும் நான்கு தடவை உன் காலடியில் பஸ்ஸை நிறுத்துகிறார்.

அடுத்தது நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறதே, அது நான்தானாம். நானும் கம்ப்யூட்டர் படித்து, அதே மையம் வழியாக அங்கே வர வேண்டுமாம். அண்ணா, எனக்கு பிசியோதெரபி படிக்க வேண்டும். முப்பது வருஷமாக சீட்டில் உட்கார்ந்து அப்பாவுடைய இடுப்பு என்ன ஆகியிருக்கிறது என்று உனக்குத் தெரியும். தைலம் தேய்த்துத் தேய்த்தே எனக்கு அந்த ஆசை வந்தது. மேடம், இதைத் தயவுசெய்து அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ படித்த படிப்பு உனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததா, இல்லையா? கொடுத்தது என்றால் அப்பா சொல்வதற்கே தலையாட்டுகிறேன்.

பாசமுள்ள தங்கை,
சிந்து

(கீழே சிவப்பு மையில்:) படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. புளி பற்றிய புகார் கவனிக்கப்படும். பிரசாந்தி, விடுதிக் காப்பாளர்.


ரானுயி
15-9-2024

சிந்து,

சுகமா? நான் சுகம். அந்த ஃபிளெக்ஸைக் கழற்றச் சொல்லேன். கோட்டு போட்ட படத்தைப் பார்த்து யாராவது சிரிப்பார்கள்.

இப்போது இங்கே வசந்தம். நேற்று ஒடாஹுஹு கடைத்தெருவுக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கினேன். சின்ன உறையில் பன்னிரண்டு இலை, எண்ணித்தான் கொடுக்கிறார்கள். இங்கே ஜனங்கள் செருப்பே போடாமல் கடைக்குப் போகிறார்கள், பஸ் ஏறுகிறார்கள். நம்மூரில் பள்ளிக்கூடத்துக்கு ஷூ இல்லை என்று அழுதோமே, அது ஞாபகம் வந்தது.

வேலை நன்றாகப் போகிறது. ஒரு நாளைக்கு நானூறு பேருக்குப் பொறுப்பு. பரீட்சைக்குப் படி. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

வெற்றி


ரானுயி
15-9-2024
(இந்தக் கடிதம் தபாலில் சேரவில்லை.)

அப்பாவுக்கு வெற்றி எழுதுவது. நீங்களும் அம்மாவும் சுகமா? இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

அப்பா, நான் இங்கே பஸ் ஓட்டுகிறேன். நூற்றுப் பன்னிரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். மூன்று பேர் கூப்பிட்டுப் பேசினார்கள். இங்கே வேலை பார்த்த அனுபவம் இருக்கிறதா என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. பஸ் கம்பெனியில் பயிற்சி கொடுத்து, லைசென்ஸும் எடுத்துக்கொடுத்து சேர்த்துக்கொண்டார்கள்.

என்னை ஒரு தடவைகூட நீங்கள் ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. "இது என்னோட போகட்டும்" என்பீர்கள். அதனால்தான் சொல்ல வாய் வரவில்லை. புஷ்பவதி அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன். "தம்பி, பஸ்தானே ஓடுறீர், கொள்ளையே அடிக்கிறீர்? கொப்பருக்குச் சொல்லும்" என்கிறார், கொப்பர் என்றால் அவர் பேச்சில் அப்பா. அவருக்கு என்ன, அவருடைய அப்பா அங்கே ஃபிளெக்ஸுக்குக் கீழே பஸ்ஸை நிறுத்தவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது அப்பா. ஓட்டுவதற்காக இல்லை, ஒளிப்பதற்காக.


நாமக்கல்
10-11-2024

அண்ணா,

தீபாவளி நல்லபடியாகப் போனது. எல்லோரும் சுகம். உன் பேரைச் சொல்லி அம்மா அதிரசம் சுட்டாள், உன் பங்கையும் நான்தான் தின்றேன்.

நீ அனுப்பிய படத்தை அப்பா காட்டினார். ஒனிஹங்காவில் கடலுக்குப் பக்கத்தில் அரைக்கைச் சட்டையோடு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாயே, அதுதான். இளைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவும் உன் முகத்தை இல்லை, கையை. "என்னங்கப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல பாப்பா, வாட்ச் கட்டலையேன்னு பார்த்தேன்" என்றார்.

இன்னொரு விஷயம். நம் தெரு ராகேஷ் பி.காம். படித்துக்கொண்டிருந்தானே, அதை விட்டுவிட்டு நீலவானத்தில் பேர் கொடுத்துவிட்டான். "வெற்றியண்ணனுக்குக் கிடைச்சுது, எனக்குக் கிடைக்காதா?" என்கிறான்.

நான் கேட்டதற்கு நீ கறிவேப்பிலைக் கணக்கு எழுதினாய். படித்துச் சிரித்தேன், பிறகு கோபம் வந்தது.

சிந்து

(சிவப்பு மையில்:) அண்ணன் அவர்களுக்கு: கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாவிட்டால் எங்கள் பள்ளியில் மதிப்பெண் கிடையாது. பிரசாந்தி.


ரானுயி
22-12-2024

அன்புத் தங்கைக்கும் மேடத்துக்கும்,

நலமா? இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. அரை மணி நேரத்தில் தோல் எரிகிறது.

ஒரு கதை சொல்கிறேன். ஒரு ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்பதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் பஸ் கிளம்பிவிடும். அட்டவணையிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிற அம்மா ஒருத்தி தினமும் படிக்கட்டில் ஓடி வருவாள். பஸ்ஸின் பின்பக்கம்தான் அவளுக்குக் கிடைக்கும். அந்த பஸ் டிரைவர் ஒரு நாள் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டான். அடுத்த நாளும் நின்றான். தாமதம் என்று ஆபீஸில் கேட்டார்கள். அவன் நான்கு மாதமாக எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்திருந்ததை ஒரு அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தான். பார்க்கிறோம் என்று வாங்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த டிரைவரை எனக்குத் தெரியும். மேடம், பதில் எழுதுவேன். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

வெற்றி


நாமக்கல்
19-1-2025

அண்ணா,

நான் சுகம். அப்பாதான் சுகமில்லை. மாட்டுப் பொங்கல் அன்று டியூட்டியில் இடுப்பு பிடித்துக்கொண்டு, சீட்டிலிருந்து இறங்க முடியாமல் கண்டக்டர் ஜெயரட்ணம் மாமா தூக்கி இறக்கினார். பயப்படாதே, மூன்றே நாளில் மறுபடி டியூட்டிக்குப் போய்விட்டார். மே கடைசியில் ரிட்டயர்மென்ட். அதற்குள் ஒரு நாள்கூட லீவு போட மாட்டாராம்.

நீலவானத்தார் வீட்டுக்கு வந்து என் படத்தையும் கேட்டார்கள். "அண்ணன் காட்டிய வழியில் தங்கை" என்று போடப் போகிறார்களாம். பிசியோதெரபியை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணன் போன ரோடு இருக்கும்போது நீ எதுக்கும்மா காட்டுக்குள்ள போற?" என்றார் அப்பா.

மே மாதம் விண்ணப்பம் போட வேண்டும். முதல் விருப்பம் என்று ஒரு கட்டம்தான் இருக்கிறது. உன் ரோடு நல்ல ரோடா என்று நீ சொன்னால்தான் அப்பா நம்புவார், நான் சொன்னால் நம்ப மாட்டார். இனி பரீட்சை முடியும்வரை எழுத மாட்டேன்.

சிந்து


ரானுயி
23-3-2025

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். இது உங்களுக்கு நான் அனுப்பும் முதல் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டுப் போன் ஸ்பீக்கரில்தான் பேசும், அம்மா நடுவில் அழுதால் நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். தபாலில் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர் இல்லை. பஸ் ஓட்டுகிறேன். வேலை கிடைத்தது என்று சொன்ன நாளிலிருந்தே அதுதான் வேலை. நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஃபிளெக்ஸ் வைத்தபோதாவது சொல்லியிருக்க வேண்டும். என்னைப் பார்த்து ராகேஷ் சேர்ந்திருக்கிறான் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது தப்பு.

படிப்பு மோசமில்லை அப்பா. எனக்கு அதில் ஆசையில்லை. நான் சேர்ந்தது நீலவானத்தார் சொன்னதால், அவர்கள் சொன்னது அந்த வருஷம் எல்லோரும் அதைக் கேட்டதால். சிந்துவுக்கு அப்படி இல்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அதைக் கற்றுக்கொண்டதே உங்கள் முதுகில்தான். அவளை என் ரோட்டில் அனுப்பாதீர்கள்.

இந்தக் கடிதத்தோடு சொல்ல நல்ல செய்தி எதுவும் வரவில்லை. வந்தபிறகு எழுதலாம் என்று ஆறு மாதம் காத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இங்கே இறங்கும்போது எல்லோரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட, "தேங்க்யூ டிரைவர்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். முதல் நாள் அதைக் கேட்டதும் உங்கள் ஞாபகம் வந்து, அடுத்த நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

என்ன திட்ட வேண்டுமோ திட்டுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மகன்,
வெற்றி


தாராபுரம்
30-3-2025

அண்ணா,

பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் சிவப்பு மை கிடையாது. கிளம்பும்போது மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கண்ணன் பதில் எழுதினா எனக்கும் ஒரு வரி போடு" என்றார்.

நேற்று அப்பாவுக்குத் தைலம் தேய்த்தேன். கையையும் நீட்டச் சொன்னேன். வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கருத்துப் போயிருக்கிறது, இடது கை அப்படியில்லை. ஜன்னல் பக்கம் வெயில் படுவதால் அப்படி. சின்ன வயதிலிருந்து பார்க்கிறதுதான், அப்பாவுக்கு இரண்டு கையும் இரண்டு நிறம் என்று நாம் சிரிப்போமே. உடனே போனை எடுத்து உன் ஒனிஹங்கா படத்தைப் பார்த்தேன்.

உன் வலது கையும் அப்படியே இருக்கிறது.

நாலு மணி, யூனிஃபார்ம், நானூறு பேர், ஓடி வந்த அம்மா எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. நீ பஸ் ஓட்டுகிறாயா அண்ணா? ஓட்டினால் எனக்கு ஒன்றும் இல்லை. நாம் பஸ்காரர் பிள்ளைகள்தானே. ஆனால் என்னிடம் சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் நான் வாய் திறக்கவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

சிந்து


தாராபுரம்
20-4-2025

அண்ணா,

உன் கடிதம் வந்தது. என் கடிதம் உனக்கு வருவதற்குள் நீயே எழுதிவிட்டாய். அதுவே எனக்குப் போதும்.

அப்பா அதை மூன்று தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். அம்மா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "பஸ்ல ஏசி இருக்குமாடி?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். அதோடு சமையலைப் பார்க்கப் போய்விட்டாள்.

இன்றைக்கு எட்டு நாள் ஆகிறது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடிதம் அவர் பையிலேயே இருக்கிறது. சட்டை மாற்றினால் அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. நீயே போன் பண்ணாதே, அவராகப் பேசட்டும்.

சிந்து


ரானுயி
4-5-2025

சிந்துக்குட்டிக்கு,

சுகமா இருக்கிறாயா? எட்டு நாள் என்று எழுதினாய், எனக்கு இங்கே எட்டு வருஷம் போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா பேசுகிறாள், பின்னால் அப்பா இருமுவது கேட்கிறது, அவ்வளவுதான்.

நான் அட்டவணை கொடுத்தேனே, அதை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். அந்த பஸ் இனி ரயில் வந்து மூன்று நிமிஷம் கழித்துக் கிளம்பும். அட்டவணை போடுகிற பிரிவில் என்னை ஆறு மாதத்துக்கு வைத்துப் பார்க்கப் போகிறார்களாம். வாரத்தில் மூன்று நாள் அங்கே, இரண்டு நாள் ஸ்டியரிங். இரண்டு நாளை நானே கேட்டு வாங்கினேன். ஓட்டாதவன் போட்ட அட்டவணை எப்படி இருக்கும் என்று அப்பா திட்டுவதைக் கேட்டு வளர்ந்தவன் இல்லையா நான்? படித்ததும் வீணாகவில்லை பார். புஷ்பவதி அக்கா பாயாசம் செய்து, "ஓம் தம்பி, இப்ப ரெண்டு யூனிஃபார்ம் அயர்ன் பண்ண வேணுமே?" என்றார்.

இதை அப்பாவிடம் நீயாகச் சொல்லாதே. நல்ல செய்தியைக் காட்டி அவரைப் பேச வைத்தேன் என்று இருக்க வேண்டாம். விண்ணப்பம் என்ன ஆயிற்று?

வெற்றி


தாராபுரம்
1-6-2025

கண்ணு வெற்றிக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சவுக்கியம். உன் சவுக்கியத்தை எழுதவும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. சர்வீசில் ஒரே ஒரு தடவை ரிப்போர்ட் எழுதினேன், குறுக்கே வந்த ஆட்டுக்காக. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று ரிட்டயர் ஆனேன். அதுவரை உன்னிடம் பேசக் கூடாது என்றிருந்தேன். பேசினால் மனசு கலங்கும், கலங்கின மனசோடு வண்டி எடுக்கக் கூடாது. அறுபது பேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது நீயும் அதைத் தெரிந்தவன்.

எனக்குத் தீபாவளிக்கே தெரியும். உன் கையைப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷமாக நான் தினமும் பார்க்கிற கை அது. நீயாகச் சொல்லும்வரை ஹாரன் அடிக்க வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் ஃபிளெக்ஸை அப்போதே கழற்றாதது என் தப்பு. பொய் என்று தெரிந்தும், அதன் கீழே வண்டியை நிறுத்தினால் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக உன் தங்கையைப் பொய்யான ரோட்டில் ஏற்றப் பார்த்தேன். அதற்கு வெட்கப்படுகிறேன்.

நேற்று ஏணி வாங்கிவந்து நானும் ஜெயரட்ணமும் ஃபிளெக்ஸைக் கழற்றினோம். உன் கடிதத்தை ராகேஷ் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பையன் மறுபடி பி.காம். போகிறான். நீலவானத்தார் கத்தினார்கள், கத்தட்டும்.

சிந்துவுக்கு நல்ல மார்க். முதல் விருப்பம் பிசியோதெரபி என்று போட்டுவிட்டாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் ஆளாக என் இடுப்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உன் புது வேலையைப் பற்றி அவள் சொல்லவில்லை. நீ அவளுக்கு எழுதின கடிதத்தை நான்தான் பிரித்துப் படித்தேன். வார்டன் படிக்கலாம், அப்பன் படிக்கக் கூடாதா?

கடைசி டிரிப் பழனியிலிருந்து. உங்கம்மாவும் சிந்துவும் டிக்கெட் எடுத்து ஏறினார்கள். ஸ்டாண்டில் இறங்கும்போது சிந்து என் பக்கம் வந்து நின்று, "தேங்க்யூ டிரைவர்" என்றாள். பின்னால் வந்த ஜனங்கள் என்ன என்று விசாரித்தார்கள். அவள் சொன்னாள். அதைக் கேட்டு ஒவ்வொருத்தராகச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். எனக்குக் கண் தெரியவில்லை. நல்ல வேளை, வண்டி நின்றிருந்தது.

ஸ்டியரிங் என்னோடு போகட்டும் என்று சொன்னவன் நான்தான். போகவில்லை. பரவாயில்லை கண்ணு, பார்த்து ஓட்டு.

அந்த ஊர் வெயில் பொல்லாதது என்று சிந்து சொல்கிறாள். அம்மா வெள்ளைத் துணியில் கை உறை தைத்திருக்கிறாள், பார்சலில் வருகிறது. வலது கைக்கு மட்டும்தான். உன் அளவு இங்கே யாருக்கும் தெரியவில்லை. என் கையை நீட்டி அளவு கொடுத்தேன். உனக்குச் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
அப்பா
நல்லசாமி, ஓட்டுநர்